ரிப்போர்ட் வேலை யாருடையது?

ராணிப்பேட்டை பக்கத்தில் ஒரு தோல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர்களை எடுத்துவிட்டு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றி, விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.காம். முடித்து, பிஜிடிசிஏ படித்து, ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தவர். டேனரியும் (தோல் பதனிடும் ஆலை) ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் சென்னை வெண்டர் ஒருவரிடம் இஆர்பி (ஸ்டோர்ஸ் முதல் அக்கவுண்ட்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர்) வாங்கிப் போட்டார்கள். அதோடு வந்த ரிப்போர்ட்டுகள் பிரிண்ட் எடுத்தால் பார்க்க நன்றாக இருந்தன. ஆனால் "இந்த பையருக்கு எந்தெந்த ஆர்டர் பாக்கி, அதற்கான க்ரஸ்ட் (பதனிட்டு உலர்த்திய, ஃபினிஷிங் ஆகாத தோல்) கையில் இருக்கிறதா" என்று கேட்டால் அவற்றில் பதில் இல்லை. புது ரிப்போர்ட் வேண்டுமென்றால் வெண்டர் நாள் கணக்கில் பணம் கேட்கிறார், மூன்று வாரம் இழுக்கிறார். அதனால் நம் வாசகி எக்ஸெலில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். சிஸ்டம்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் தன்னுடைய லாகினைக் கொடுத்து, நான்கு வரி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்டு எடுக்கும் மொழி) சொல்லிக்கொடுக்க, மீதியை இவரே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இப்போது கட்டிங், ஃபினிஷிங், பர்ச்சேஸ், டிஸ்பேட்ச் எல்லோருக்கும் இவர்தான் ரிப்போர்ட் கொடுக்கிறவர். கொழுந்தன் கல்யாணத்தன்று மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட "மேடம், அந்த ஸ்டாக் ஷீட் மட்டும் கொஞ்சம்" என்று போன் வந்ததாம்.

பிரச்சினை வெடித்தது ஒரு அப்பர் ஆர்டரில். ஒரு ஜோடிக்கு எவ்வளவு தோல் செலவாகிறது என்ற கணக்கு இவருடைய ரிப்போர்ட்டில் 2 சதுர அடி. வெண்டர் எழுதிய ரிப்போர்ட்டில் 1.91. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தனியாகப் போட்டுப் பார்த்ததில் 1.99. காஸ்டிங்கில் 1.91ஐ வைத்து பையருக்கு விலை போய்விட்டது. அதன்பிறகு நடந்த மீட்டிங்கில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் "இனிமேல் ரிப்போர்ட் எல்லாம் வெண்டர் மட்டும்தான் எழுத வேண்டும்" என்கிறார். சிஸ்டம்ஸ் இன்சார்ஜ் "இது எங்கள் டிபார்ட்மென்ட் வேலை, ஸ்டோர்ஸுக்கு என்ன சம்பந்தம்" என்கிறார். எம்பிஏ முடித்து வந்திருக்கும் சின்னவர் "எல்லோருக்கும் பவர் பிஐ வாங்கிக் கொடுத்துவிடலாம், அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார் (அவரவரே ரிப்போர்ட், சார்ட் போட்டுக்கொள்ள உதவும் டூல் அது). பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நம் வாசகியைப் பார்த்து, "நீதானம்மா இவ்வளவு நாள் செய்தாய், எது சரி என்று நீயே எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்பது இதுதான்: யாரிடம் கொடுப்பது சரி? என் ரிப்போர்ட் தப்பா? எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? நான் எழுதியவை என்னுடையவை என்று சொல்ல முடியுமா?

சகோதரி, உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் உறுத்துவது இரண்டாவது கேள்வி என்று தெரிகிறது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூன்று எண்களும் சரிதான்

நீங்கள் அனுப்பிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த லாட்டுக்கு கட்டிங்குக்கு இஷ்யூ ஆன தோல் 2,000 சதுர அடி. வெட்டிய ஜோடி 1,000. நீங்கள் ஒன்றை இன்னொன்றால் வகுத்தீர்கள், 2 வந்தது. வெண்டர் ரிப்போர்ட், கட்டிங்கிலிருந்து ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்த 90 அடியைக் கழித்துவிட்டு 1,910ஐ ஆயிரத்தால் வகுத்தது, 1.91 வந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அதே 1,910ஐ, பேக் ஆகிப் போன 960 ஜோடியால் வகுத்தார், 1.99 வந்தது. யாருடைய கூட்டல் கழித்தலிலும் பிழை இல்லை. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கேள்விக்கு பதில் சொல்லியிருக்கிறீர்கள், தலைப்பு மட்டும் மூன்றிலும் "கன்சம்ப்ஷன்" என்று ஒன்றாக இருந்துவிட்டது.

1.91க்கும் 2க்கும் வித்தியாசம் 0.09 அடிதானே என்று தோன்றும். ஒரு அடி தோல் நூறு ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு 9 ரூபாய். இருபதாயிரம் ஜோடி ஆர்டர் என்றால் 1,80,000 ரூபாய். உங்கள் பெரியவருக்கு மீட்டிங்கில் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள், இந்த வேலையை வெண்டரே செய்திருந்தால் இந்தத் தகராறு வந்திருக்காதா? கட்டாயம் வந்திருக்கும். ரிட்டர்னைக் கழிக்க வேண்டுமா, ரிஜெக்ட் ஆன ஜோடிக்குப் போன தோலை யார் தலையில் கட்டுவது, மறு கட்டிங்குக்கு எடுத்ததை எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் சொல்ல வேண்டிய பதில் இல்லை. கட்டிங் சூப்பர்வைசரும் காஸ்டிங் பார்ப்பவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. வெண்டரின் புரோகிராமர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தனக்குத் தோன்றியபடி ஒரு முடிவு எடுத்தார், நீங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு முடிவு எடுத்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் "ரிப்போர்ட்டை யார் எழுதுவது" என்ற கேள்விக்கு முன்னால் "இந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் யார்" என்று கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு ஆட்கள் செய்யலாம், பெரும்பாலும் செய்யத்தான் வேண்டும். உங்கள் மீட்டிங்கில் நான்கு பேரும் முதல் கேள்விக்கு மட்டும் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய இன்னொரு குவெரியில் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) ஒரு பள்ளம் இருக்கிறது. இஷ்யூ டேபிளையும் ரிட்டர்ன் டேபிளையும் ஜாப் கார்டு நம்பரை வைத்து நேரடியாக ஜாயின் செய்திருக்கிறீர்கள், அதாவது நம்பர் ஒத்துப்போகும் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு ஜாப் கார்டுக்கு 1,200, 800 என்று இரண்டு தடவை இஷ்யூ, 60, 30 என்று இரண்டு தடவை ரிட்டர்ன் என்றால், அந்த ஜாயின் இரண்டு வரி கொடுக்காது, நான்கு வரி கொடுக்கும். இஷ்யூ 2,000க்குப் பதில் 4,000 ஆகிவிடும், ரிட்டர்ன் 180 ஆகிவிடும். ஒரே ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தால் உடனே கண்ணில் படும். மாத மொத்தத்தில் இருநூறு ஜாப் கார்டுக்கு நடுவே நாலைந்து மட்டும் இப்படி இருந்தால் யாருக்கும் தெரியாது, தோல் கொஞ்சம் அதிகம் போகிறதே என்று கட்டிங் ஆட்களைத்தான் திட்டுவார்கள். இரண்டு டேபிளையும் ஜாப் கார்டு வாரியாகத் தனித்தனியே கூட்டிவிட்டு அப்புறம் சேருங்கள், சரியாகிவிடும். எக்ஸெலிலும் ஒன்றைப் பார்த்தேன். உங்கள் ஆர்ட்டிகிள் கோடுகளில் 12இ4 மாதிரி நடுவில் இங்கிலீஷ் 'இ' வருகிறவை இருக்கின்றன. சிஎஸ்வியைத் திறந்தவுடன் எக்ஸெல் அதை ஒரு பெரிய எண் என்று நினைத்து 1,20,000 ஆக்கிவிடும், 00712 என்ற கோடில் முன்னால் இருக்கும் சைபர்களைத் தின்றுவிடும். கோடு இருக்கும் அந்த நெடுவரிசையை (column) டெக்ஸ்ட் என்று முதலிலேயே சொல்லி இழுங்கள். இதெல்லாம் யார் எழுதினாலும் வரக்கூடிய பிழைகள், இன்னொரு ஜோடிக் கண் பார்த்தால் பிடிபடும். உங்களுக்கு அந்த இன்னொரு ஜோடிக் கண் இதுவரை கிடைக்கவில்லை.

லாகின் விஷயம்

இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் அவசரமான விஷயம் இதுதான். அந்தத் தம்பி கொடுத்த லாகினில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார், நீங்களும் கம்பெனி வேலைக்காகத்தான் பயன்படுத்தினீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43, கணினிக்கு உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே போவதைப் பற்றிப் பேசுகிறது. குற்ற வழக்கு என்று ஆக வேண்டுமானால் நேர்மையற்ற எண்ணமோ ஏமாற்றும் எண்ணமோ இருந்திருக்க வேண்டும், உங்களிடம் அது இல்லை, அதனால் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் நாளைக்கு அந்த லாகினில் யாரோ எதையோ அழித்துவிட்டால், அது அந்தத் தம்பியா நீங்களா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பெயரில் ஒரு லாகின், படிக்க மட்டும் அனுமதி, எந்தெந்த டேபிள் என்ற பட்டியல், இதை மேனேஜ்மென்ட் மெயிலில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

"படிக்க மட்டும்தானே, அதனால் என்ன ஆபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, உங்கள் இஆர்பி இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில். அதன் இயல்பான அமைப்பில், பெரிய குவெரி ஒன்று ஓடும்போது அது படித்துக்கொண்டிருக்கும் வரிகளில் எழுத வருகிறவர் காத்திருக்க நேரிடும். மாதக் கடைசியில் கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது டிஸ்பேட்ச் இன்வாய்ஸ் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு உங்கள் ஸ்டாக் ரிப்போர்ட் காரணமாக இருந்திருக்கலாம். ராத்திரி பேக்கப்பை இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, ரிப்போர்ட் எல்லாம் அதிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நேற்று ராத்திரி வரை உள்ள கணக்கு போதாதா என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்குப் போதும் என்பார்கள். இன்னொரு நன்மை, பேக்கப் உண்மையிலேயே ரீஸ்டோர் ஆகிறதா என்பது தினமும் தெரிந்துவிடும். (எத்தனை கம்பெனியில் பேக்கப் எடுக்கிறோம் எடுக்கிறோம் என்று சொல்லி, தேவைப்படும் அன்று ஃபைல் திறக்காமல் விழித்திருக்கிறார்கள் என்று எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.)

இரண்டாவது, அந்த லாகினில் சம்பள டேபிளும் திறக்கிறது என்கிறீர்கள். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பது வரை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தகவல் கசிந்தால் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தைக்கும் பெண்களின் சம்பளப் பட்டியல் வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? உங்கள் பட்டியலில் சம்பள டேபிள் இருக்கவே கூடாது என்று நீங்களே எழுதிக் கேளுங்கள்.

அந்த நான்கு வழிகளும்

வெண்டரிடமே எல்லாவற்றையும் கொடுப்பது: டேபிள் எல்லாம் அவர் கட்டியது, அதனால் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், இது நிஜமான பலம். ஆனால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் மூன்று வாரம் என்றால் ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள், திரும்ப யாரோ ஒருவர் எக்ஸெலைத் திறப்பார், ஆறு மாதத்தில் இன்னொரு நீங்கள் உருவாகியிருப்பார். வெண்டரிடம் கொடுக்க வேண்டியவை மாறாதவை, வெளியே போகிறவை: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஜிஎஸ்டிஆர்-1க்கு எடுக்கும் பட்டியல், பிஎஃப், ஈஎஸ்ஐ ஃபைல் போன்றவை. இவற்றில் பிழை வந்தால் அபராதம், வட்டி என்று போகும். இவற்றை யாரும் வீட்டு எக்ஸெலில் செய்யக் கூடாது.

வெண்டரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17இன்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதியது நிறுவனத்துடையது. வெளியாள் எழுதிக் கொடுத்தது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, பொதுவாக எழுதியவருடையது. பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் தானாக நமக்கு வந்துவிடாது. பிரிவு 19இன்படி கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால் அடுத்த ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போதே, உங்கள் பணத்தில் எழுதிய ரிப்போர்ட்டுகளின் மூலக் குவெரியும் டேபிள் விவரப் பட்டியலும் கைக்கு வர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன் என்கிறீர்கள், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கம்பெனி டேட்டாவை வைத்து, கம்பெனி வேலைக்காக, கம்பெனி ஆட்கள் கேட்டு எழுதியது. அதை உங்களுடையது என்று வாதாடுவது கடினம், வாதாடி ஜெயித்தாலும் வேறு எங்கும் அது உதவாது. எழுதத் தெரிந்த அறிவு உங்களுடையது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்டிடம் கொடுப்பது: உங்கள் இன்சார்ஜ் சொல்வதில் பாதி நியாயம். லாகின், பேக்கப், காப்பி டேட்டாபேஸ், யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்புதான், அதில் நீங்கள் தலையிடக் கூடாது. ஆனால் இரண்டே பேர். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து சிசிடிவி வரை அவர்கள் தலையில். கொஞ்சம் கற்றுக்கொண்ட பையன் காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூரு. நம் ஊர்க் கம்பெனிகளில் சிஸ்டம்ஸ் ஆட்கள் எத்தனை வருடம் நிலைக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு வெட் ப்ளூவுக்கும் (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) க்ரஸ்ட்டுக்கும் வித்தியாசம் சொல்லி, செலக்‌ஷன் என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் மெயிலில் ராஜினாமா வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் டேலி ஆகவில்லை என்றால் பின்பக்கமாக டேபிளிலேயே எண்ணை மாற்றிச் சரிசெய்யும் பழக்கம் அங்கே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரில், யார் எப்போது என்ன மாற்றினார் என்ற தடயம் தானாகப் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும், ஆடிட்டர் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். பின்பக்கமாகப் போய் மாற்றுவது அந்தத் தடயத்தைத் தாண்டிப் போவது. ரிப்போர்ட் எழுதும் யாருக்கும், சிஸ்டம்ஸ் ஆட்களையும் சேர்த்து, எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. எண் தப்பு என்றால் என்ட்ரி போட்டவர் ஸ்க்ரீனில் திருத்த வேண்டும்.

எல்லோருக்கும் பவர் பிஐ: சின்னவர் மேல் எனக்கு அனுதாபம் உண்டு, நல்லது செய்யத்தான் நினைக்கிறார். ஆனால் ஒரு எண்ணுக்கு மூன்று அர்த்தம் இருக்கும் கம்பெனியில் பத்து பேருக்கு டூல் கொடுத்தால் பத்து அர்த்தம் வரும், அதுவும் கலர் கலராக. பர்ச்சேஸ் ஆள் சதுர அடியில் போடுவார், ஐரோப்பிய பையருக்கு அனுப்புகிறவர் சதுர டெசிமீட்டரில் போடுவார். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர் என்பதை எங்கேயோ ஒருவர் 9 என்று ரவுண்டு செய்திருப்பார். டூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அர்த்தம் முடிவான பிறகு, அந்த அர்த்தப்படி தயாரித்த சில வியூக்களை (முன்கூட்டியே எழுதிவைத்த குவெரிகள்) மட்டும் திறந்துவிட்டு, அதற்கு மேல் அவரவர் விருப்பப்படி வடிகட்டிப் பார்க்கட்டும் என்று விடுவது நல்ல ஏற்பாடு.

எல்லாவற்றையும் உங்களிடமே கொடுப்பது: இதைத்தான் உள்ளுக்குள் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம். மண்டபத்தில் வந்த போனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தால் கம்பெனிக்கும் ஆபத்து, உங்களுக்கு லீவும் இல்லை.

நான் சொல்லும் பங்கீடு

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு சொந்தக்காரர், அந்த வேலையைச் செய்யும் டிபார்ட்மென்டிலிருந்து. கன்சம்ப்ஷனுக்குக் கட்டிங்கும் காஸ்டிங்கும் சேர்ந்து. ஸ்டாக்குக்கு ஸ்டோர்ஸ். ட்ரம் (தோல் பதனிடும் சுழலும் உருளை) வாரியாகக் கெமிக்கல் செலவு, தண்ணீர் செலவுக்கு டேனரி டெக்னீஷியன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டாலும் பையரின் ஆடிட்டர் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். தோலில் குரோமியம் ஆறு (குரோமியத்தின் நச்சு வடிவம்), கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2015 மே முதல் விதி இருக்கிறது, எந்த லாட்டுக்கு எந்த லேப் ரிசல்ட் என்று காட்டும் பட்டியலும் அவர் கையெழுத்தில்தான் போக வேண்டும். சொந்தக்காரர் குவெரி எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எது சேரும், எது கழியும், எந்தத் தேதி கணக்கு என்று நாலு வரி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எழுதுகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் இல்லை. உற்பத்தி, ஸ்டோர்ஸ் பக்கம் நீங்கள். அக்கவுண்ட்ஸ் பக்கம் அவர்கள் ஆள் ஒருவர். நீங்கள் எழுதுவதை அவர் ஒரு தடவை பார்க்கட்டும், அவருடையதை நீங்கள் பாருங்கள். புது ரிப்போர்ட் வெளியே போவதற்கு முன், மூன்று ஜாப் கார்டை எடுத்துக் கால்குலேட்டரில் போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்த்த தாள் கூடவே இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது ரிட்டர்ன், ரிஜெக்ட் எல்லாம் இருக்கிற சிக்கலான கார்டாக இருக்கட்டும். சிஸ்டம்ஸ் காப்பி டேட்டாபேஸையும் லாகினையும் பார்த்துக்கொள்ளட்டும். வெண்டர் மேலே சொன்ன மாறாத ரிப்போர்ட்டுகளை எழுதட்டும், இஆர்பி புது வெர்ஷன் போடும் முன் எந்த டேபிள் மாறுகிறது என்று இரண்டு வாரம் முன்னால் சொல்லட்டும், இல்லையென்றால் ஒரு நாள் காலையில் உங்கள் குவெரி எல்லாம் படுத்துவிடும்.

இதற்கு நடுவில் ஒரு ரெஜிஸ்டர் வேண்டும், சாதாரண எக்ஸெல் ஷீட் போதும்: ரிப்போர்ட் பெயர், கேட்டவர், சொந்தக்காரர், எழுதியவர், அர்த்தம், கடைசியாக யார் பார்த்தார். இதைத் தயாரிக்கும்போதே பாதி வேலை குறைந்துவிடும், ஏனென்றால் நீங்கள் வாராவாரம் அனுப்பும் ஷீட்டுகளில் பலதை யாரும் திறப்பதே இல்லை. சந்தேகமாக இருந்தால் இரண்டு வாரம் அனுப்பாமல் இருந்து பாருங்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் வரும் "கொஞ்சம் அந்த ஷீட்" வகைக் கோரிக்கைக்கு, "ரெஜிஸ்டரில் போட்டுவிடுங்கள் சார், நாளைக்குத் தந்துவிடுகிறேன்" என்று பணிவாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் முறைப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

உங்கள் வேலை, உங்கள் சம்பளம்

எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயம் இயல்பானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒளித்து வைத்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இன்றைக்கு உங்கள் டெசிக்னேஷன் ஸ்டோர்ஸ் கிளார்க், சம்பளமும் அதற்கானது. ரிப்போர்ட் வேலைக்கு ஒரு காகிதமும் இல்லை. 1.91 தப்பாகப் போனதற்குப் பழி மட்டும் வந்தது, அதுவும் நீங்கள் கொடுக்காத எண்ணுக்கு. எழுத்தில் பொறுப்பு வந்தால் எது உங்களுடையது, எது இல்லை என்று சொல்ல முடியும்.

கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைப் பிடித்து வைக்கும் சட்டம் உங்கள் சூழ்நிலையில் கையில் கிடைக்காது, இதைப் பேசித்தான் வாங்க வேண்டும். பேசுவதற்கு நல்ல நேரம் இப்போதுதான், ஏனென்றால் பெரியவரே உங்களிடம் கேட்டிருக்கிறார். "எம்ஐஎஸ் அசிஸ்டெண்ட்" (நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிப்பவர்) என்றோ வேறு எதுவோ, ஒரு டெசிக்னேஷன், உங்களுக்கு ஸ்டோர்ஸ் என்ட்ரி வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள ஒரு ஆள், சம்பளத்தில் ஒரு மாற்றம், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுமே கிடைத்துவிடாது, ஆனால் இரண்டாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ட்ரியும் பார்த்து ரிப்போர்ட்டும் எழுதினால், நீங்கள் போட்ட என்ட்ரியை நீங்களே சரிபார்ப்பது போலாகிவிடும், ஆடிட்டர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். சிஸ்டம்ஸ் இன்சார்ஜிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். லாகினும் காப்பி டேட்டாபேஸும் அவர் கட்டுப்பாட்டில் என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது என்று காட்டினால் அவர் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

பெரியவருக்குக் கொடுக்கும் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே 2, 1.91, 1.99 மூன்றும் எப்படி வந்தன என்ற கணக்கு, அதன் கீழே யாருக்கு என்ன பொறுப்பு, கடைசியில் உங்கள் லாகின் கோரிக்கை. பவர் பிஐ பற்றி, அர்த்தம் முடிவான பிறகு மூன்று மாதம் கழித்து என்று ஒரு வரி போடுங்கள், சின்னவர் மனம் கோண வேண்டாம். கொடுக்கப் போகும்போது கட்டிங் சூப்பர்வைசரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். வெட்டியது 1,000 ஜோடி, பேக் ஆனது 960, மீதி 40 ஜோடி எங்கே என்று பெரியவர் நிச்சயம் கேட்பார். அதற்கு உங்களிடமும் பதில் இல்லை, வெண்டரிடமும் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது.